டெதர்ஃபையில் நெட் வரவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்

எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே குறையோடு அடிக்கடி ஆள் வருகிறது. அமெரிக்காவிலிருந்து அக்காவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த போன். நம்மூர் சிம்மைப் போட்டால் பேச முடிகிறது, நெட்டும் வருகிறது. ஹாட்ஸ்பாட்டைத் தட்டினால் மட்டும் "உங்கள் திட்டத்தில் இந்த வசதி இல்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. அங்கே சிம் கம்பெனி மூலமாக வாங்கிய போன்களில், ஹாட்ஸ்பாட் திறக்குமுன் அந்தக் கம்பெனியிடம் அனுமதி கேட்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். சிம் மாறினாலும் சில போன்கள் பழைய முதலாளியைக் கேட்காமல் அசையாது.

இவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பது டெதர்ஃபை என்கிற ஆண்ட்ராய்டு ஆப். இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது, போனை ரூட் செய்ய (சிஸ்டத்தின் பூட்டைத் திறக்க) வேண்டாம், எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் சரி. போனின் ஹாட்ஸ்பாட்டை இது தொடுவதே இல்லை. வைஃபை டைரக்ட் (ரவுட்டர் இல்லாமல் கருவிகள் நேரடியாக இணையும் முறை) மூலம் ஒரு சின்ன வைஃபையை எழுப்பி, அதன் வழியே ஒரு ப்ராக்ஸியை நீட்டுகிறது. ப்ராக்ஸி என்றால் லேப்டாப் கேட்பதை வாங்கி, அதன் சார்பில் நெட்டில் எடுத்துத் தரும் இடைத்தரகர்; அதன் முகவரியை லேப்டாப்பில் நாம்தான் போட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த ப்ராக்ஸி என்கிற ஒன்றை மறப்பதால் வருபவை.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு சிம்மோடு பயன்படுத்துவதாக இருந்தால் உங்கள் திட்டத்தின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். அங்கே ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக்காசு கேட்கும் திட்டங்கள் உண்டு. இதில் பழைய வழக்கும் இருக்கிறது: இப்படிப்பட்ட ஆப்களை ஆண்ட்ராய்டு கடையில் தன் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் மறைக்கச் சொன்ன விவகாரத்தில், 2012-இல் வெரைசான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 12.5 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

## எதையும் தொடுமுன்

போனின் சொந்த ஹாட்ஸ்பாட் உண்மையிலேயே பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா சேவர் ஆனில் இருந்தாலும் ஹாட்ஸ்பாட் பொத்தான் சாம்பல் நிறமாகி, தட்டினால் அசையாது. அதை ஆஃப் செய்து பாருங்கள். ஹாட்ஸ்பாட் எழுந்துவிட்டால் டெதர்ஃபையே தேவையில்லை, இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அடுத்து, போனை எல்லா வைஃபையிலிருந்தும் துண்டித்து, வெறும் மொபைல் டேட்டாவில் போனின் ப்ரௌசரில் இதுவரை திறக்காத ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். ஏற்கெனவே திறந்த தளம் பழைய பக்கத்தைக் காட்டி ஏமாற்றும். போனிலேயே வரவில்லை என்றால் லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பேக் முடிந்துவிட்டதா, சிக்னல் இருக்கிறதா, ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட்டோடு போன் இணையும் வாசல்) அமைப்பில் போய் 'ரீசெட் டு டீஃபால்ட்' கொடுங்கள். வெளிநாட்டு போன்களில் அந்த ஊர்க் கம்பெனியின் ஏபிஎன் ஒட்டிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் இல்லையென்றால் சிம் கம்பெனியின் கடைதான் வழி.

## அறிகுறி: ஸ்டார்ட் தட்டினால் எரர் வருகிறது

வைஃபை ஆனில் இருக்கிறதா? எதிலும் இணைந்திருக்க வேண்டாம், ஆனில் இருந்தால் போதும். "மொபைல் டேட்டாதானே பகிரப்போகிறோம், வைஃபை எதற்கு" என்று ஆஃப் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஆனில் இருந்தும் எரர் என்றால் ஆப்பின் அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13-இலும் அதற்கு மேலும் 'நியர்பை டிவைசஸ்' அனுமதி, அதற்குக் கீழே லொகேஷன் அனுமதி. லொகேஷன் கேட்கிறதே என்று பயந்து மறுத்துவிடுகிறார்கள். பழைய ஆண்ட்ராய்டில் வைஃபை டைரக்டைத் தொட அந்த அனுமதி இல்லாமல் முடியாது, வேவு பார்ப்பதற்கு அல்ல.

அப்புறம், டிவியில் திரையைக் காட்டும் வசதியோ, கோப்பு அனுப்பும் ஆப்போ அதே வைஃபை டைரக்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை மூடுங்கள். வைஃபையை ஒருமுறை ஆஃப்-ஆன் செய்யுங்கள். போனை அணைத்துப் போடுங்கள். கடைசியாக 'நெட்வொர்க் ரீசெட்'. அதைச் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள் எல்லாம் போய்விடும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெரியுமா என்று கேட்டுக்கொண்டுதான் நான் அதில் கை வைப்பேன்.

## அறிகுறி: லேப்டாப் பட்டியலில் போனின் பெயரே இல்லை

நீங்கள் தேடும் பெயர் சரிதானா? வைஃபை டைரக்ட் பெயர் எப்போதும் ஆங்கிலத்தில் 'டைரக்ட்' என்று பெரிய எழுத்தில்தான் ஆரம்பிக்கும். போனின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இன்னொரு போனை எடுத்து அதில் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் தெரிந்து லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் விவகாரம். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசைகளில் வரும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். டெதர்ஃபை அமைப்பில் அலைவரிசையை 2.4-க்கு மாற்றி, நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் கொடுங்கள். இப்படி மாற்றும் வசதி ஆண்ட்ராய்டு 10-இலிருந்துதான். பெயர், பாஸ்வேர்டு மாற்றுவதும் அப்படித்தான், பழைய போனில் சிஸ்டம் கொடுப்பதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன் அதே நேரம் வேறொரு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்திருந்தால், பல மாடல்களில் இதுவும் அந்தச் சேனலுக்கே போய்விடும். அதிலிருந்து துண்டித்துவிட்டு முயலுங்கள். எதுவும் ஆகவில்லை என்றால் சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவிடுங்கள். லேப்டாப்பைப் பிரித்து உள்ளிருக்கும் கார்டை மாற்றுவது இதற்காக மட்டும் தேவையில்லாத செலவு.

## அறிகுறி: வைஃபை இணைந்துவிட்டது, எந்தத் தளமும் திறக்கவில்லை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேப்டாப் 'நோ இன்டர்நெட்' என்று காட்டினால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) அடித்துப் பதில் வராவிட்டாலும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிங் ப்ராக்ஸி வழியாகப் போகாது. இது தெரியாமல் கல்லூரிப் பையன் ஒருவன் ஒரு மதியம் முழுக்க டிஎன்எஸ் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வந்தான். ப்ரௌசரில் ஒரு தளத்தைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் இங்கே சரியான சோதனை.

### ப்ராக்ஸி போட்டீர்களா?

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ப்ராக்ஸி, அதில் மேனுவல். முகவரி 192.168.49.1, போர்ட் 8228. இதுதான் டெதர்ஃபை தானாகக் கொடுக்கும் எண். உங்கள் ஆப் திரையில் வேறு எண் தெரிந்தால் திரையில் உள்ளதையே போடுங்கள்.

நான் கண்ட பிழைகள்: 8228-ஐ 8282 என்று அடிப்பது, 49-ஐ 43 என்று அடிப்பது (பழைய ஹாட்ஸ்பாட் முகவரி 192.168.43.1 கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது), ப்ரௌசரின் மேல் பட்டையில் இந்த எண்ணை அடித்துவிட்டு ஏதோ திறக்கும் என்று காத்திருப்பது, எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு 'சேவ்' தட்ட மறப்பது. கடைசியில் சொன்னதை நானே செய்திருக்கிறேன்.

இணைக்கும் கருவி இன்னொரு ஆண்ட்ராய்டு போன் என்றால், அந்த வைஃபை பெயரின் அமைப்புக்குள் போய் 'அட்வான்ஸ்டு' பகுதியில் ப்ராக்ஸியை மேனுவல் ஆக்க வேண்டும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தட்டி, அடியில் 'கன்ஃபிகர் ப்ராக்ஸி'.

### ப்ராக்ஸி சரியாக இருக்கிறது, இருந்தும் வரவில்லையா?

எரரைப் படியுங்கள். 'ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு' என்றால் லேப்டாப் போனை எட்டவில்லை. ஆப் நின்றுபோயிருக்கும், அல்லது லேப்டாப் தானாக வேறு வைஃபைக்குத் தாவியிருக்கும். 'நோ இன்டர்நெட்' பார்த்த விண்டோஸ் இப்படித் தாவுவது சகஜம், பக்கத்து வைஃபைகளில் 'ஆட்டோ கனெக்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

எரர் வராமல் சுற்றிச் சுற்றி 'டைம் அவுட்' ஆனால் லேப்டாப் போனை எட்டிவிட்டது, போனிலிருந்து வெளியே போகவில்லை. போன் நெட் இல்லாத ஏதாவது ஒரு வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, டெதர்ஃபைக்கு பேக்ரவுண்ட் டேட்டா மறுக்கப்பட்டிருக்கிறதா, போனில் விபிஎன் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

குரோமில் திறந்து பயர்பாக்ஸில் மட்டும் திறக்கவில்லை என்றால், பயர்பாக்ஸுக்குத் தனி ப்ராக்ஸி அமைப்பு உண்டு. அதை 'சிஸ்டம் ப்ராக்ஸி'க்கு மாற்றுங்கள்.

### ப்ராக்ஸி பெட்டியே சாம்பல் நிறத்தில் இருக்கிறதா?

அது ஆபீஸ் லேப்டாப். 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். என்னிடம் கொண்டுவந்தாலும் நான் தொடமாட்டேன். உங்கள் ஐடி பிரிவுக்கு போன் போடுங்கள்.

## அறிகுறி: ப்ரௌசர் ஓடுகிறது, மற்றவை ஓடவில்லை

இது கோளாறு இல்லை, இதன் எல்லையே இதுதான். ப்ராக்ஸியை மதிக்கும் மென்பொருளுக்கு மட்டும் நெட் கிடைக்கும். ஜூமும் கூகுள் மீட்டும் பெரும்பாலும் ஓடிவிடும், படம் கொஞ்சம் இழுக்கும். வாட்ஸ்அப்பில் பேசுவது, பப்ஜி வகை விளையாட்டுகள் ஆகாது. அவை அனுப்பும் வகைத் தரவு இந்த வழியில் நுழையாது. வாட்ஸ்அப்பில் 2023 தொடக்கத்திலிருந்து சொந்த ப்ராக்ஸி அமைப்பு ஒன்று இருக்கிறது என்றாலும் அதை நம்பி அழைப்பு எதிர்பார்க்காதீர்கள். டிவியில் ப்ராக்ஸி போட இடமே இல்லையென்றால் டிவிக்கு இது உதவாது, தேடிக் களைக்க வேண்டாம்.

ஆபீஸ் விபிஎன் இணையவில்லை என்றால், அந்த விபிஎன் மென்பொருளின் அமைப்பில் ப்ராக்ஸி போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: நன்றாக ஓடுகிறது, ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

கடைக்கு வரும் டெதர்ஃபை கேஸ்களில் முதலிடம் இதற்குத்தான். போன் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். திரையை எரியவிட்டு, லேப்டாப்பில் ஒரு யூடியூப் வீடியோவை ஓடவிட்டு, கால் மணி நேரம் பாருங்கள். நிற்கவில்லை என்றால் போனின் பேட்டரி மேலாளர்தான் ஆப்பைக் கொன்றுகொண்டிருக்கிறது.

ஆப் தகவலில் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். பல பேர் இதோடு நிறுத்திவிட்டு "மாத்திட்டேன்ணே, அப்பவும் நிக்குது" என்று திரும்பி வருகிறார்கள். சில பிராண்டுகளில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று ஒரு பட்டியல், அதில் டெதர்ஃபைக்கு அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு, சமீபத்திய ஆப்கள் வரிசையில் டெதர்ஃபையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு பூட்டுக் குறி வரும், அதைப் போட வேண்டும். 'எல்லாவற்றையும் மூடு' தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பூட்டு மிகவும் முக்கியம். பேட்டரி சேவர், 'அல்ட்ரா' வகை மோடுகளை ஆஃப் செய்யுங்கள். டெதர்ஃபையின் அறிவிப்பு மேலே தெரிகிறதா என்று பாருங்கள். அறிவிப்பு அனுமதியை மறுத்திருந்தால், ஆப் ஓடுகிறதா நின்றதா என்றே உங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தும் திரை எரியும்போதே நிற்கிறது என்றால் சூட்டைப் பாருங்கள். சார்ஜில் போட்டு, கவர் மாட்டி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பகிர்ந்தால் எந்தப் போனும் தடுமாறும். கவரைக் கழற்றி, மேஜையில் காற்றுப் படுமாறு வையுங்கள். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பேட்டரி, உடனே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

## அறிகுறி: மறுநாள் வீட்டு வைஃபையில் எதுவும் திறக்கவில்லை

போன மாதம் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ரவுட்டர மாத்தியாச்சுங்க, ஆளக் கூப்பிட்டுக் கேபிளும் மாத்தியாச்சு. மகன் போன்ல வருது, இதுல மட்டும் வரல" என்றார். ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்தேன். 192.168.49.1, 8228. போன வாரம் ரயிலில் மகனின் போனில் டெதர்ஃபை பயன்படுத்தியதை அவர் மறந்தே போயிருந்தார். ஆஃப் செய்ய மூன்று விநாடி. ரவுட்டருக்கு அவர் எவ்வளவு காசு கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

விண்டோஸில் மேனுவல் ப்ராக்ஸி எல்லா வைஃபைக்கும் பொதுவானது. பகிர்ந்து முடித்ததும் கையோடு ஆஃப் செய்ய வேண்டும். மேக்கிலும் வைஃபைக்குப் போட்ட ப்ராக்ஸி அடுத்த வைஃபைக்கும் தொடரும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இந்தத் தொல்லை இல்லை, அந்தந்த வைஃபை பெயரோடு ப்ராக்ஸி நின்றுவிடும். மறதிக்காரர் என்றால் ஒரு யோசனை: சிஸ்டம் ப்ராக்ஸியைத் தொடாமல், பயர்பாக்ஸில் மட்டும் ப்ராக்ஸி போட்டு, டெதர்ஃபைக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். என் லேப்டாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி: நெட் நத்தையாக ஊர்கிறது

போனிலேயே வேகத்தைச் சோதியுங்கள். போனிலும் ஊர்ந்தால், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். நம்மூர் பேக்குகள் பலவற்றில் 1.5 ஜிபியோ 2 ஜிபியோ தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறக்கிவிடுவார்கள், அதில் மெயில் திறப்பதே பெரும்பாடு. லேப்டாப்பில் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாம் கேட்காமலே கோப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த வைஃபையை விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆக்கிவிடுங்கள், கொஞ்சம் அடங்கும்.

போனில் வேகமாகவும் லேப்டாப்பில் மெதுவாகவும் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். விடுதியில் முப்பது வைஃபை இருக்கும் மாடியில் 2.4-இல் வேகம் எதிர்பார்க்க முடியாது.

## யூஎஸ்பிக்கு மாறலாமா?

ஹாட்ஸ்பாட் பூட்டப்படாத போன் என்றால் மாறலாம், ப்ராக்ஸி தொல்லையே இருக்காது. பூட்டப்பட்ட அமெரிக்க போனில் யூஎஸ்பி டெதரிங்கும் பெரும்பாலும் அதே அனுமதியைக் கேட்டு நிற்கும்.

யூஎஸ்பி டெதரிங் பொத்தான் சாம்பலாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன. போனோடு வந்த கேபிளைப் போட்டும், வேறு போர்ட்டில் செருகியும் லேப்டாப் போனைக் காணவில்லை என்றால் போனின் சார்ஜிங் ஜாக்கில் தூசி அடைத்திருக்கலாம். குச்சி, ஊசி எதையும் விடாதீர்கள். அதைச் சுத்தம் செய்வதோ ஜாக்கை மாற்றுவதோ கடைக்காரர் வேலை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் பேசும் யூஎஸ்பி முறையை மேக் தானாகப் புரிந்துகொள்ளாது. அதற்காக ஹார்ன்டிஸ் என்று ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு, இன்டெல் சிப் உள்ள பழைய மேக்குகளில் நன்றாக ஓடியது. ஆப்பிளின் சொந்த சிப் உள்ள புதிய மேக்குகளில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், வைஃபை வழியே போங்கள்.

இன்னொன்று. டெதரிங் என்று தேடி, அந்த ஆங்கிலச் சொல்லையே பின்னாலிருந்து முன்னால் எழுதிய பெயருள்ள ஒரு மென்பொருளை இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது கணினியின் நெட்டைப் போனுக்குத் தருவது. பெயரைத் திருப்பி எழுதியதே அதைச் சொல்லத்தான்.

## எதுவும் ஆகவில்லை என்றால்

பூட்டை உடைக்க போனில் வேறு மென்பொருள் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளுக்கு ஹாட்ஸ்பாட்டுக்காக மட்டும் போகாதீர்கள். போன் செத்துப்போய்த் திரும்பி வந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன், உள்ளிருந்த போட்டோக்களும் சேர்ந்து போய்விட்டன. போனை விற்ற கம்பெனியின் பூட்டை முறையாகத் திறக்க வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் கணக்கு வைத்திருந்த அக்காவோ மாமாவோதான் கேட்க வேண்டும். சிம் பூட்டு திறந்தாலும் ஹாட்ஸ்பாட் பூட்டு திறக்கும் என்று உறுதி இல்லை.

அதற்குள் அவசரமென்றால் வீட்டு அலமாரியில் பழைய இந்திய போன் ஒன்று கிடக்கிறதா பாருங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிம்மைக் கழற்றி அதில் போட்டு, அதன் சொந்த ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, அமெரிக்க போனை அதன் வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி மட்டும் பழைய போனுக்கு வரும், இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.